ஆண்டுப் பயிலரங்கை மாற்ற வேண்டுமா? பணக்கணக்கிலிருந்து தொடங்குங்கள்

ஒரே துறையைச் சேர்ந்த அறுபது எழுபது பேர் ஆண்டுதோறும் கூடும் அறிவியல் பயிலரங்குகளைப் பற்றி ஒரு புகார் எப்போதும் உண்டு: உரைகள் அதிகம், ஒருவரோடு ஒருவர் பேச நேரமே இல்லை. கடைசி நாள் கொடுக்கும் கருத்துப் படிவத்தில் வருடா வருடம் இதைத்தான் எழுதுகிறார்கள். அமைப்பாளர்களும் படித்துவிட்டு ஆமாம் என்கிறார்கள். அடுத்த வருட நிகழ்ச்சி நிரல் வரும்போது பார்த்தால் இன்னும் இரண்டு உரைகள் கூடியிருக்கும். அமைப்பாளர்களுக்கு அக்கறை இல்லை என்று சொல்லிவிட முடியாது, பெரும்பாலும் சொந்த நேரத்தைச் செலவழித்து உழைக்கிறவர்கள் அவர்கள். யார், எதற்கு, எந்த நிபந்தனையோடு பணம் தருகிறார்கள் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. அதைத் தொடாமல் நிகழ்ச்சி நிரலை மட்டும் திருத்தினால் அந்தத் திருத்தம் இரண்டு வருடம்கூட நிற்காது.

எப்படி என்று பார்ப்போம். ஒரு முனைவர் பட்ட மாணவர் பயிலரங்குக்குப் போக நினைக்கிறார். பயணச் செலவைத் துறையிடம் கேட்க வேண்டும், அல்லது வழிகாட்டியின் ஆராய்ச்சி நிதியிலிருந்து எடுக்க வேண்டும். இரண்டு இடத்திலும் முதலில் வரும் கேள்வி, "உங்கள் ஆய்வுச் சுருக்கம் ஏற்கப்பட்டதா? உரையா, போஸ்டரா?" என்பதுதான் (போஸ்டர் என்பது ஆய்வைச் சுவரொட்டியாக ஒட்டிவைத்து, பக்கத்தில் நின்று விளக்குவது). சும்மா போய் நான்கு பேரோடு பேசிவிட்டு வருகிறேன் என்று விண்ணப்பத்தில் எழுத முடியாது, எழுதினால் கையெழுத்து கிடைக்காது. ஆக உரை என்பது அந்த மாணவருக்குப் பயணச்சீட்டு. அமைப்பாளருக்கும் இது தெரியும். ஓர் உரையை மறுத்தால் ஓர் ஆளை இழக்கிறோம், அந்த ஆளோடு அவருடைய பதிவுக் கட்டணமும் போகிறது. அதனால் 30 நிமிட உரை 20 ஆகிறது, 20 நிமிடம் 15 ஆகிறது, அப்புறம் ஒரே நேரத்தில் இரண்டு அரங்குகளில் உரைகள் என்று பிரிக்கிறார்கள். அறுபது பேரே கூடிய இடத்தில் அவர்களையும் இரண்டாகப் பிரித்து உட்காரவைக்கிற நிலை வந்துவிடுகிறது.

வழக்கமான ஒரு நாளை எடுத்துக்கொண்டு நேரக் கணக்குப் போட்டுப் பாருங்கள். காலை 9 முதல் மாலை 6 வரை. மதிய உணவுக்கு ஒரு மணி நேரம், காபி இடைவேளை இரண்டு முறை அரை மணி நேரம் என்று கழித்தால் 7 மணி நேரம் மிஞ்சும். பத்து உரைகள், ஒவ்வொன்றும் கேள்விகளோடு சேர்த்து 30 நிமிடம் என்றால் 5 மணி நேரம் போயிற்று. மிச்சம் இரண்டு மணி நேரத்தில் போஸ்டருக்கு ஒன்று, "கலந்துரையாடல்" என்று மாலை 5 முதல் 6 வரை ஒன்று. ஒவ்வொரு பேச்சாளரும் மூன்றே மூன்று நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொண்டால் (எடுத்துக்கொள்ளாத பேச்சாளர் அரிது) 30 நிமிடம் தள்ளிப்போகும். தள்ளிப்போகும் அந்த அரை மணி நேரம் எதிலிருந்து கழியும்? மாலைக் கலந்துரையாடலிலிருந்துதான், ஏனென்றால் அதற்கு மட்டும்தான் பெயர் போட்ட ஓர் ஆள் கிடையாது. மீதமுள்ள அரை மணியில் பாதிப்பேர் களைத்துப்போய் மடிக்கணினியைத் திறந்து மின்னஞ்சல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இது திட்டமிடலில் நேர்ந்த பிழை அல்ல. உரைக்குப் பணம் இருக்கிறது, கலந்துரையாடலுக்கு இல்லை. மணிக்கணக்கும் அதைப் பின்தொடர்ந்து போகிறது.

உரையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒருவரை முதல்முறை அறிமுகப்படுத்த நல்ல உரையைப் போல வேறொன்று கிடையாது, இளையவர்களுக்கு அது மிகவும் தேவை. ஆனால் புதிய முடிவுகளைத் தெரிந்துகொள்ள உரை ஒன்றே வழி என்ற காலம் எப்போதோ போய்விட்டது. ஆய்விதழில் வருமுன்பே கட்டுரைகளை இலவசமாக வெளியிடும் ஆர்க்சைவ் 1991ல் தொடங்கிய பிறகு, இயற்பியல், கணிதம், கணினி அறிவியல் துறைகளில் படிப்படியாகக் கட்டுரை முதலில் வந்துவிடுகிறது, உரை பின்னால் வருகிறது. கட்டுரையில் வராத சங்கதிகள்தான் நேரில் போகிறவர்களுக்குக் கிடைக்கின்றன. எந்தச் சோதனை ஆறு மாதம் முயன்றும் வரவில்லை, எல்லோரும் பயன்படுத்தும் தரவுத் தொகுப்பில் எந்தப் பகுதியை நம்பக் கூடாது, எந்தக் கருவியின் அளவீடு வெயில் காலத்தில் நகர்ந்துபோகிறது என்பதையெல்லாம் மேடையில் மைக் முன்னால் யாரும் சொல்லமாட்டார்கள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தால் சொல்வார்கள்.

இதைப் புரிந்துகொண்டு வேறு மாதிரி கட்டப்பட்ட இடங்கள் உண்டு, அவை நெடுங்காலமாக நடந்தும் வருகின்றன. 1931ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் நீல் கார்டன் என்ற வேதியியலாளர் தொடங்கிய கோடைகாலச் சந்திப்புகளிலிருந்து வளர்ந்தவை கார்டன் ஆய்வு மாநாடுகள். அங்கே காலையிலும் மாலையிலும் அமர்வுகள், மதியம் பெரும்பாலும் ஓய்வு. அங்கே பேசுவது எதையும் வெளியே மேற்கோள் காட்டக் கூடாது, பதிவு செய்யக் கூடாது, போஸ்டரைப் படம் எடுக்கக் கூடாது. இந்த ஒரு விதிக்காகத்தான் இன்னும் வெளிவராத முடிவுகளோடு ஆட்கள் வருகிறார்கள். ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதியில் 1944ல் தொடங்கிய ஓபர்வுல்ஃபாக் கணித ஆய்வு நிலையத்தில் ஒரு வாரப் பயிலரங்குகள் நடக்கின்றன. புதன்கிழமை மதியம் எல்லோரும் மலைப்பாதையில் நடக்கப் போவது வழக்கம். சாப்பாட்டு மேசையில் யார் எங்கே உட்காருவது என்பதை அவர்கள் தாங்களே முடிவு செய்வதில்லை, நிலையத்தார் பெயர்களைக் கலைத்து வைத்துவிடுகிறார்கள். கணினி அறிவியலுக்கு ஜெர்மனியிலேயே 1990ல் தொடங்கிய டாக்ஸ்டூல் மையத்திலும் இதே ஏற்பாடு இருக்கிறது.

இந்த இருக்கைக் குலுக்கல் சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் கணக்குப் போட்டால் புரியும். 60 பேர் கூடினால் 1,770 சோடிகள் சாத்தியம். அவரவர் விருப்பத்துக்கு விட்டால் ஒரே ஆய்வகத்தார் ஒரே மேசையில் மூன்று நாளும் உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். ஆறு பேர் மேசை, மூன்று நாளில் ஆறு வேளை, ஒவ்வொரு வேளையும் மேசையைக் கலைத்தால் ஒருவர் அதிகபட்சம் 30 பேரோடு ஒரு வேளையாவது சாப்பிட்டிருப்பார், அதாவது வந்தவர்களில் பாதிப்பேரோடு. இதற்கு ஒரு பைசா கூடுதல் செலவில்லை. அமைப்பாளர் செய்யக்கூடிய மாற்றங்களில் மிக மலிவானதும் மிக அதிகப் பலன் தருவதும் இதுதான் என்பது என் துணிபு. மூத்த பேராசிரியர்கள் முதல் நாள் முகம் சுளிப்பார்கள், பொருட்படுத்த வேண்டாம்.

ஆனால் இந்த இடங்களைப் பார்த்து அப்படியே நகல் எடுக்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஓபர்வுல்ஃபாக் வருகிறவர்களின் தங்குமிடத்தையும் சாப்பாட்டையும் தானே ஏற்கிறது. டாக்ஸ்டூல் அரசு நிதியால் கட்டணத்தைக் குறைத்து வைத்திருக்கிறது. கட்டடம் அவர்களுடையது, சமையலறை அவர்களுடையது, அலுவலக ஆட்கள் நிரந்தரம். ஆள் எண்ணிக்கையைக் கூட்டினால்தான் கணக்கு நேராகும் என்ற நெருக்கடி அந்த அமைப்பாளருக்குக் கிடையாது. அதனால்தான் உரைகளைக் குறைக்கும் சுதந்திரம் அவருக்குக் கிடைக்கிறது.

நம்மைப் போன்ற சாதாரணப் பயிலரங்கின் நிலைமை வேறு. அரங்கு வாடகை, ஒலி ஒளி ஏற்பாடு, இணையதளம், அலுவலக உதவி ஆகியவற்றுக்கான செலவு 40 பேர் வந்தாலும் 80 பேர் வந்தாலும் ஏறத்தாழ ஒன்றுதான். சாப்பாடு மட்டும் தலைக்கு இவ்வளவு என்று ஏறும். விடுதியில் 50 அறைகளை மொத்தமாகப் பேசி விலை குறைத்திருப்பார்கள், 35 அறைகள்தான் நிரம்பின என்றால் பல ஒப்பந்தங்களில் மீதி அறைகளுக்கும் அமைப்பாளர்தான் பொறுப்பு. இதில் அழைப்புப் பேச்சாளர்களுக்குக் கட்டணம் இல்லை, பயணமும் இலவசம். மாணவர்களுக்குச் சலுகை. அப்படியானால் முழுக் கட்டணத்தைச் செலுத்துவது யார்? சின்னக் கல்லூரியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர், முனைவர் பட்டம் முடித்துவிட்டு ஒப்பந்த வேலையில் இருக்கும் முதுமுனைவர் ஆய்வாளர், பெரிய நிதி எதுவும் கையில் இல்லாதவர். நல்ல நிதியோடு இருக்கும் பிரபலமான பேராசிரியரின் விமானச் சீட்டுக்கு இவர்கள் பணம் கட்டுகிறார்கள். இது நியாயமே இல்லை. அழைப்புப் பேச்சாளரிடம், சொந்த நிதியில் வர முடியுமா என்று முதல் மின்னஞ்சலிலேயே கேட்பதில் எந்த மரியாதைக் குறைவும் கிடையாது. முடிந்தவர்கள் பலர் மகிழ்ச்சியோடு சரி என்பார்கள், முடியாதவருக்குக் கொடுத்துவிடலாம்.

பணம் எப்போது கைக்கு வருகிறது என்பதும் எவ்வளவு என்பதைப் போலவே முக்கியம். பெரும்பாலான பயண உதவிகள் "முதலில் செலவு செய், பிறகு ரசீது காட்டு" என்ற முறையில்தான் இருக்கின்றன. மாணவர் கடன் அட்டையில், அது இல்லாவிட்டால் யாரிடமாவது கைமாற்று வாங்கி, விமானச் சீட்டும் அறையும் பதிவு செய்கிறார். திரும்பி வந்து போர்டிங் பாஸ், அறை ரசீது, பங்கேற்புச் சான்று, வங்கி விவரம் எல்லாம் ஒட்டி அனுப்புகிறார். ஒரு ரசீதில் பெயர் சரியாக இல்லை என்று திரும்பி வருகிறது. பணம் வந்து சேரும்போது இரண்டு மூன்று மாதம் ஓடியிருக்கும், அதற்குள் வட்டி ஏறியிருக்கும். உதவித்தொகை யாருக்காக ஏற்படுத்தப்பட்டதோ அவர்களே விண்ணப்பிக்கத் தயங்குகிற நிலை இது. அமைப்பாளர்களே சீட்டையும் அறையையும் நேரடியாக வாங்கிக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. கணக்குப் பிரிவு முணுமுணுக்கும், வேலை கூடும், உண்மைதான். ஆனால் அந்தச் சுமையைத் தாங்க ஒரு நிறுவனத்துக்கு வலு இருக்கிறது, 24 வயது மாணவருக்கு இல்லை.

சில நிதி அமைப்புகள் இதில் கொஞ்சம் யோசித்திருக்கின்றன. அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை பங்கேற்பாளர்களுக்கென்று ஒதுக்கும் பணத்தைத் தனித் தலைப்பில் வைக்கிறது. முன் அனுமதி இல்லாமல் அதை வேறு செலவுக்குத் திருப்ப முடியாது, நிறுவனத்தின் மேல்செலவையும் (கட்டடம், நிர்வாகம் போன்ற பொதுச் செலவு) பொதுவாக அதிலிருந்து பிடிக்க முடியாது. ஐரோப்பாவில் 1971 முதல் இருக்கும் காஸ்ட் என்ற அமைப்பு ஆராய்ச்சிக்கே பணம் தருவதில்லை. கூட்டங்கள், பயிற்சிப் பள்ளிகள், ஓர் ஆய்வகத்திலிருந்து இன்னொன்றுக்குச் சில வாரப் பயணம் போன்றவற்றுக்குத்தான் தருகிறது. ஆட்கள் சந்திப்பதே பணம் தரத் தகுந்த வேலை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்ட ஏற்பாடு என்பதால் எனக்கு இதன் மேல் தனி மதிப்பு உண்டு. அங்கே உரை இருந்தால்தான் பணம் என்ற முடிச்சு தளர்ந்துவிடுகிறது.

ஸ்பான்சர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் பற்றாத வருடம் முதலில் தட்டப்படும் கதவு அதுதான். 1911ல் பிரஸ்ஸல்ஸில் நடந்த முதல் சால்வே மாநாடு ஒரு தொழிலதிபரின் பணத்தில்தான் நடந்தது. சோடா உப்பு (சோடியம் கார்பனேட்) தயாரிப்பில் பெரும் செல்வம் சேர்த்த எர்னஸ்ட் சால்வேக்குப் பருப்பொருளையும் ஈர்ப்பையும் பற்றிச் சொந்தமாக ஒரு கோட்பாடு இருந்தது. மாநாட்டின் தொடக்க உரையில் அதைச் சொன்னார். இயற்பியலாளர் லொரென்ட்ஸ் தலைமையில் ஐன்ஸ்டைன், பிளாங்க், மேரி கியூரி முதலானோர் அதைக் கேட்டுவிட்டு, கதிர்வீச்சும் குவாண்டமும் பற்றித் தாங்கள் விவாதிக்க வந்ததை விவாதித்தார்கள். அடுத்த ஆண்டு சால்வே நிறுவனம் நிரந்தரமாக அமைந்தபோது எதைப் பேசுவது, யாரை அழைப்பது என்பது அறிவியல் குழுவின் கையில் இருந்தது. பணம் கொடுத்தவருக்கு மேடையில் சில நிமிடம், நிகழ்ச்சி நிரலில் கை வைக்க உரிமை இல்லை. இன்றைக்கு எழுதும் ஸ்பான்சர் ஒப்பந்தத்திலும் இந்த வரி தெளிவாக இருக்க வேண்டும்.

அதே சால்வே மாநாடு அழைப்பு முறையின் குறையையும் காட்டுகிறது. 1927 மாநாட்டின் புகழ்பெற்ற புகைப்படத்தில் 29 பேர் இருக்கிறார்கள், பெண் ஒரே ஒருவர், மேரி கியூரி. சின்னக் கூட்டம், ஆழமான பேச்சு என்று ஆசைப்பட்டு அழைப்பு முறைக்குப் போனால், அழைப்பவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவர்கள்தான் வருவார்கள். அது வருடா வருடம் இறுகிக்கொண்டே போகும். அதனால் இடங்களில் ஒரு பங்கை, மூன்றில் ஒன்றாவது, அமைப்பாளர்கள் யாருக்கும் முன்பின் தெரியாதவர்களுக்குத் திறந்த விண்ணப்பத்தில் ஒதுக்க வேண்டும். கார்டன் மாநாடுகள் பலவற்றுக்கு முன்னால் வார இறுதியில் மாணவர்களும் முதுமுனைவர் ஆய்வாளர்களும் மட்டும் கூடும் தனிக் கருத்தரங்கு நடப்பது நல்ல ஏற்பாடு. பெரியவர்கள் வருமுன்பே இளையவர்களுக்கு ஒருவரையொருவர் தெரிந்துவிடும், அப்புறம் கேள்வி கேட்கத் தைரியம் வரும்.

சரி, எல்லாவற்றையும் ஆன்லைனில் நடத்திவிட்டால் என்ன? 2020ல் வேறு வழியில்லாமல் எல்லோரும் அதைச் செய்து பார்த்தோம். யார் இத்தனை நாள் வெளியே நின்றார்கள் என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது: கைக்குழந்தை உள்ளவர்கள், உடல்நிலை இடம் தராதவர்கள், விசா கிடைக்காதவர்கள். விசா சின்ன விஷயம் இல்லை. செயற்கை நுண்ணறிவுத் துறையின் நியூரிப்ஸ் மாநாடு 2018ல் மாண்ட்ரியலில் நடந்தபோது அதையொட்டிய ஒரு பயிலரங்குக்கு வரவிருந்த ஆப்பிரிக்க ஆய்வாளர்கள் பலருக்கு விசா மறுக்கப்பட்டது. அதே துறையின் ஐசிஎல்ஆர் மாநாடு 2020ல் அடிஸ் அபாபாவில் நடப்பதாக இருந்து, தொற்றால் முழுக்க ஆன்லைனுக்கு மாறியது. பிறகு 2023ல் கிகாலியில் நடந்தது. எந்த நாட்டில் நடத்துகிறோம் என்பதே யார் வரலாம் என்பதைத் தீர்மானித்துவிடுகிறது.

ஆன்லைனில் உரை நன்றாகவே நடக்கிறது, சொல்லப்போனால் நிறுத்தி, பின்னால் போய், இரண்டாம் முறை கேட்க முடிவதால் நேரில் கேட்பதைவிடவும் நன்றாக. நடக்காதது பக்கத்து நாற்காலிப் பேச்சு. வீட்டிலிருந்து கலந்துகொள்பவரை அவருடைய அலுவலகமும் விடுவதில்லை, வீடும் விடுவதில்லை. இரண்டையும் சேர்த்து ஹைபிரிட் என்று நடத்துவது பெரும்பாலும் இரண்டிலும் மோசமானதைத் தருகிறது. அரங்கில் ஒருவர் மைக் இல்லாமல் கேள்வி கேட்கிறார், திரையில் இருப்பவர்களுக்குப் பதில் மட்டும் கேட்கிறது, கேள்வி என்னவென்று தெரியவில்லை. அரட்டைப் பெட்டியில் அவர்கள் எழுதிய கேள்வியை அமர்வுத் தலைவர் பார்ப்பதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. இதைச் சரியாகச் செய்ய, திரையில் இருப்பவர்களுக்காகவே ஒருவர் முழுநேரமும் அரங்கில் இருக்க வேண்டும், மேசைதோறும் மைக் வேண்டும், அதற்கான செலவு கிட்டத்தட்ட இரண்டு பயிலரங்குகளின் செலவு. அது கையில் இல்லையென்றால் இரண்டையும் தனித்தனியாக நடத்துவதே மேல். உரைகள் எல்லாம் இரண்டு வாரம் முன்பே ஆன்லைனில், கட்டணமின்றி, எங்கிருந்தும் பார்க்கும்படி. நேரில் கூடும் மூன்று நாளில் கேள்வியும் விவாதமும் சேர்ந்து செய்யும் வேலையும் மட்டும். மாணவருக்கு ஏற்கப்பட்ட உரை இருக்கிறது, சான்றும் இருக்கிறது, அவர் துறை பணம் தரும். மேடை நேரமும் மிச்சம்.

அப்புறம், ஆண்டுதோறும் நடத்தத்தான் வேண்டுமா? இந்தக் கேள்வியைக் கேட்டாலே சிலர் வருத்தப்படுகிறார்கள். பெரும்பாலான கார்டன் மாநாடுகள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் நடக்கின்றன. உயர் ஆற்றல் இயற்பியலாளர்களின் கணினிப் பயன்பாட்டு மாநாடான செப் ஏறத்தாழ 18 மாதத்துக்கு ஒருமுறை. படங்களைக் கணினிக்குப் புரியவைக்கும் கணினிப் பார்வைத் துறையில் சர்வதேச மாநாடான ஐசிசிவி ஒற்றைப்படை ஆண்டிலும் ஐரோப்பிய மாநாடான ஈசிசிவி இரட்டைப்படை ஆண்டிலும் மாறி மாறி வருகின்றன. அந்தத் துறைகள் எதுவும் வாடிப்போகவில்லை. விமானப் புகையின் கணக்கும் இதில் சேர்கிறது. அமெரிக்கப் புவி இயற்பியல் சங்கத்தின் 2019 கூட்டத்துக்குச் சுமார் 28,000 பேர் பயணம் செய்ததில் 80,000 டன் அளவுக்குக் கரியமில வாயு வெளியேறியது என்று 2020ல் நேச்சர் இதழில் வந்த மதிப்பீடு சொல்கிறது, ஆளுக்கு ஏறத்தாழ மூன்று டன். அதில் பெரும்பகுதி கண்டம் தாண்டிய பயணங்களால் வந்தது. ஒரே நேரத்தில் பல ஊர்களில் கூடி இணைப்பில் பேசிக்கொள்வதும் நடக்கிற காரியம்தான். 2018ல் இசை உளவியலாளர்கள் தங்கள் சர்வதேச மாநாட்டை கிராட்ஸ், லா பிளாட்டா, மாண்ட்ரியல், சிட்னி என்று நான்கு ஊர்களில் நடத்திக் காட்டினார்கள், பெருந்தொற்றுக்கு இரண்டு வருடம் முன்பே.

நிதி தந்தவருக்கு அனுப்பும் அறிக்கையும் மாற வேண்டும். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை உரைகள், எத்தனை நாடுகள் என்று படிவம் கேட்கும்வரை அமைப்பாளர் அந்த எண்களைத்தான் கூட்டுவார். பிரிட்டனின் பொறியியல், இயற்பியல் அறிவியல்கள் ஆராய்ச்சி மன்றம் 'மணற்குழி' என்ற பெயரில் நடத்தும் ஐந்து நாள் பயிலரங்குகளில், வந்தவர்கள் அங்கேயே குழு சேர்ந்து திட்டம் தீட்டி, முடிவில் ஆராய்ச்சி நிதியே பெறலாம். அவ்வளவு பெரிய தொகை எல்லோரிடமும் இருக்காது. ஆனால் மொத்த நிதியில் ஒரு சின்னப் பங்கை, பயிலரங்கில் முதல்முறை சந்தித்த இருவர் அடுத்த ஆறு மாதத்துக்குள் ஒருவர் ஆய்வகத்துக்கு இன்னொருவர் ஒரு வாரம் போய்வர ஒதுக்கலாம். விண்ணப்பம் அரைப் பக்கத்துக்கு மேல் வேண்டாம், கடைசி நாள் மதியமே முடிவு. அறிக்கையில் எழுத உண்மையான ஒன்று கிடைத்துவிடும்: இத்தனை சோடிகள் விண்ணப்பித்தன, இத்தனை பயணங்கள் நடந்தன, அதிலிருந்து இது பிறந்தது.

இவை எல்லாவற்றுக்கும் தடையாக நிற்கும் ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதே இல்லை. பயிலரங்கு ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு நிறுவனத்தில் நடக்கிறது, பணம் அந்தந்த நிறுவனத்தின் கணக்கில் வந்து அங்கேயே முடிகிறது. மிஞ்சினால் அடுத்த வருடக்காரர்களுக்குப் போவதில்லை, குறைந்தால் உள்ளூர்ப் பேராசிரியர் தன் நிதியிலிருந்து ஈடுகட்டுகிறார். அதனால் ஒவ்வொரு குழுவும் வெறுங்கையோடு தொடங்குகிறது. வெறுங்கையோடு தொடங்குபவர் புதிதாக எதையும் முயல மாட்டார், போன வருடம் எது நஷ்டமில்லாமல் நடந்ததோ அதையே நடத்துவார். துறைச் சங்கம் ஒன்றின் கீழ் பயிலரங்குக்கென்று நிரந்தரக் கணக்கைத் திறந்து, ஒரு வருடத்து நிலையான செலவைத் தாங்குமளவு இருப்பு சேர்த்து, அடுத்தடுத்த மூன்று அமைப்புக் குழுக்களின் பொறுப்பாளர்களை அதற்குக் கையொப்பதாரர்களாக வைத்தால், உரைகளைப் பாதியாக்கிப் பார்க்கலாம் என்று ஒருவருக்குத் துணிச்சல் வரும். ஆட்கள் குறைந்து நஷ்டம் வந்தாலும் இருப்பு தாங்கும். அந்தக் கணக்கைத் திறக்கத் தேவைப்படுவது சங்கத்தின் ஒரு தீர்மானமும், இந்த வருடம் மிஞ்சும் தொகையை அங்கே மாற்றலாம் என்று நடத்தும் நிறுவனத்திடம் நிகழ்ச்சிக்கு முன்பே வாங்கிவைக்கும் ஒரு கடிதமும்தான். நிகழ்ச்சி முடிந்தபிறகு கேட்டால் கிடைக்காது.